மிதக்காதவன்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி வாரம் முழுக்க அவனை 'நீங்க' என்பாள். சனிக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திய பிறகு மட்டும் 'நீ'. "முட்டி போடு" என்பாள். நாற்பத்து நான்கு வயது, பதினோரு லிஃப்ட்டுகளுக்குப் பொறுப்பு, லேசான தொப்பை. இத்தனையும் சேர்ந்து தலையணை மேல் முட்டி போடும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆறு மாதத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எது சரி, எது கூடாது என்று இருவரும் பேசி, எழுதி, கையெழுத்தே போட்டிருந்தார்கள். நிறுத்த வேண்டுமென்றால் சொல்ல ஒரு வார்த்தையும் இருந்தது: 'திருப்புளி'. அவன் தேர்ந்தெடுத்தது, தன் கருவிப் பையிலிருந்தே. அவனுடைய கற்பனை வளம் அவ்வளவுதான்.

ஆசையும் முதலில் அவனுடையதுதான். இப்படிக் கட்டுப்பட்டு இருப்பவர்கள் ஒரு கட்டத்தில் மனசு லேசாகி, நேரம் மறந்து, அப்படியே மிதப்பார்களாம். எங்கேயோ படித்திருந்தான். அவள் கண்ணைக் கட்டினாள், கையைப் பின்னால் வைத்துத் துணியால் கட்டினாள், தலையைத் தொட்டு "அசையாதே" என்றாள். அசையவில்லை. மனசு மட்டும் மின்விசிறிக்குப் போய்விட்டது. டக், டக் என்று ஒரு சத்தம். பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டினான். அடுத்து, மூன்றாவது பிளாக் லிஃப்ட்டின் கதவு ஞாபகத்துக்கு வந்தது. அதற்கடுத்து மூக்கு அரித்தது. மிதப்பாவது, மண்ணாங்கட்டியாவது!

அவளுக்கோ வேறு மாதிரி. வாரம் முழுக்கப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக, டாக்டருக்குப் பின்னால் டிரே பிடித்து நிற்பவள் அந்த ஒரு மணி நேரம் ஆளே மாறிவிடுவாள். குரல் தாழும். ஒவ்வொரு அசைவும் நிதானமாகும். தெருவில் ஹாரன் அடித்தாலும் காதில் விழாது. முடிந்ததும் கை சில்லிட்டு, அவன் தோளில் சாய்ந்திருப்பாள். ஆசைப்பட்டவன் தரையில் கிடக்க, சரி என்று ஒத்துக்கொண்டவள் பறந்துகொண்டிருந்தாள். அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

முதல் வாரம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். ஃபேன் பேரிங் என்றா சொல்ல முடியும்? "மிதந்தேன்" என்றான். அவள் முகம் மலர்ந்தது. வசமாக மாட்டிக்கொண்டான். அதன்பின் வாராவாரம் நாக்கு குழறப் பேசினான், பெருமூச்சு விட்டான், ஒருமுறை கண்ணீர்கூட வரவழைத்தான். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதைத் தவிர அவனுக்கு நடிப்பில் முன் அனுபவம் கிடையாது.

இந்தச் சனிக்கிழமை பாதியிலேயே இடது கை மரத்துப்போனது. "எப்படி இருக்கு உனக்கு?" என்று வழக்கம்போல் நடுவில் கேட்டாள். மிதக்கிறவனுக்குக் கை ஏது? "மிதக்கறேன்" என்று முனகினான். முடிந்ததும் கட்டை அவிழ்த்துத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். விரல்கள் மடங்கவே இல்லை. டம்ளர் தரையில் உருண்டது.

ஒரே நொடியில் அவள் நர்ஸாகிவிட்டாள். அவன் நகத்தை அழுத்தி நிறம் பார்த்தாள். "எப்ப மரத்துச்சு?"

"பாதியிலயே."

"நான் கேட்டேனே. ஏன் சொல்லல?"

சொன்னான். பேரிங், அரிப்பு, கண்ணீர், எல்லாவற்றையும் சொன்னான். சிரித்துவிடுவாள் என்று நம்பித்தான் சொன்னான்.

"வலிக்கல வலிக்கலன்னு நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொல்றவங்களை நாள் பூரா பாக்கறேன். வீட்லயுமா?" அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் எனக்கு பயமா இருக்கும், தெரியுமா உங்களுக்கு? புருஷனை முட்டி போட வைக்கறது எனக்கு இவ்வளவு பிடிக்குதே, நான் என்ன மாதிரி ஆளுன்னு. நீங்க மிதந்தேன்னு சொல்வீங்க. சரி, அவருக்கும் நல்லாத்தான் இருந்திருக்குன்னு மனசு ஆறும். அதை வெச்சுத்தான் அடுத்த வாரம் வரைக்கும் ஓட்டுவேன். இனிமே இது வேணாம், விட்டுடலாம்."

ஆறு மாதமாகத் தான் மிதக்கிறோமா இல்லையா என்பதிலேயே குறியாக இருந்தவன், தோளில் சாய்ந்தவளை என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. கூச்சமாக இருந்தது.

"எனக்குப் பிடிச்சிருந்துது," என்றான். "மிதக்கல. ஆனா வாரம் பூரா எங்க சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடறவன் நான். இங்க ஃபேன் என்ன கத்தினாலும் நான் எழுந்திருக்க வேண்டியதில்ல. நீ இருக்க, நீ பாத்துக்குவேன்னு இருந்தேன். அதுக்காகத்தான் ஒவ்வொரு வாரமும் காத்துக்கிட்டு இருந்தேன்."

"இதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

வாராவாரம் பொய் சொன்ன அதே குரலில்தான் உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் எழுந்து போகவில்லை. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை அழுத்தித் தேய்த்தாள். ரத்தம் திரும்பி ஓடத் தொடங்கியதும் ஊசி ஊசியாகக் குத்தியது.

"வலிக்குதா?"

"சேச்சே, அதெல்லாம்..." என்று வாய் பாட்டுக்குத் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"வலிக்குது," என்றான். "ரொம்ப வலிக்குது."

அவள் பிடியைத் தளர்த்தினாள். கையை மட்டும் விடவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.