பொம்மையனின் இருமல்

பொம்மையன் அந்த டப்பாவைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தபோது லேப்பில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நத்தம் பக்கம் புளியந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடித்து நடத்துகிறவர். சட்டை, ஆணியில் மாட்டியதுபோலத் தோளெலும்பில் தொங்கியது. வரிசையில் நிற்காமல் சுவரோரமாகவே நகர்ந்து வந்து, மேஜைமேல் குனிந்து, மரியசெல்வியின் காதுக்குக் கிட்டத்தில் சொன்னார்.

"சளி கொண்டாந்திருக்கேன் தாயி. பேரைச் சத்தமா கூப்புடாதீக. ஊர்க்காரவுக யாராச்சும் உக்காந்திருப்பாக."

அவள் கையுறையோடு டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள். வெறும் எச்சில். "இது ஆகாதுண்ணே. நெஞ்சுக்குள்ளேருந்து வரணும். பின்னாடி போயி நல்லா இருமி எடுத்துட்டு வாங்க" என்றாள். கட்டடத்துக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இருமினார். திரும்பக் கொண்டுவந்ததில் மஞ்சளாக, நடுவில் ஒரு சிவப்பு இழையோடு இருந்தது. டப்பாவை நீட்டும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "அருவருப்பா நெனைச்சுக்கிறாதீக" என்றார்.

அவள் நினைக்கவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த லேப்பில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். மலம், மூத்திரம், சீழ், ஜாம் பாட்டிலிலும் விபூதி டப்பாவிலும் ஜனங்கள் கொண்டுவந்து நீட்டுகிற எல்லாமும் அவளுக்கு ஒன்றுதான். சாம்பிள்களை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவி, அடுத்த அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவாள். புதிதாக வந்த பெண்கள் மூக்கைப் பொத்தும்போது அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

அன்று சாயங்காலம் அவள் பொம்மையனை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மேட்டுப்பட்டியில் ஒரு மாடி வீட்டில் அவளும் ராபினும் வாடகைக்கு இருந்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். ராபின் ஒரு விதைக் கம்பெனிக்காக வடமதுரை, சாணார்பட்டி, நத்தம் என்று பைக்கில் சுற்றிக் கடைகளில் ஆர்டர் எடுப்பவன். வெயிலில் கருகி வந்து, முகம் கழுவி, பனியனோடு சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருவான். அவள் சப்பாத்தி தேய்ப்பாள். அப்போதுதான் அவர்களுடைய விளையாட்டு தொடங்கும். அதற்கு 'ஆளெடுப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் ஒரு பெயரைச் சொல்லுவான். அவள் கையிலிருந்த மாவைக்கூடத் தட்டாமல் அந்த ஆளாக மாறிவிடுவாள். தண்ணீர் மோட்டார் போட்டதற்காகத் திட்டப் படியேறி வரும் வீட்டுக்காரர். ஊசியைக் கண்டதும் சாமி பெயரைச் சொல்லும் போலீஸ்காரர். ஜெபமாலை உருட்டிக்கொண்டே சீரியல் பார்த்து, "அருள் நிறைந்த" என்பதற்கும் "மரியே" என்பதற்கும் நடுவில் வில்லியைத் திட்டும் ராபினின் அம்மா செபாஸ்தியம்மாள்.

சின்ன வயதில் ஒரு டீச்சரைப் போல நடந்து காட்டி வகுப்பு முழுக்கச் சிரித்ததற்கு அடி வாங்கினாள். அதற்குப்பிறகு யார் முன்னாலும் அவள் செய்ததில்லை. கல்யாணமான மூன்றாம் வாரம் எதேச்சையாக ராபினிடம் செய்து காட்டினாள். அவன் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தலைக்கு மேல் கையைக் கூப்பி, போதும் போதும் என்றான். தன்னால் ஓர் ஆளை இப்படித் தரையில் உருட்ட முடிகிறது என்பது அவளுக்குப் போதை மாதிரி இருந்தது. மற்றவர்கள் முன்னால் அவனை நீங்க, வாங்க என்பாள். ஆளெடுப்பு நேரத்தில் வாடா போடாதான்.

"இன்னைக்கு புதுசா ஆரு?" என்றான் ராபின்.

அவள் சமையலறைத் துண்டைத் தோளில் போட்டாள். உப்பு டப்பாவை அதற்குள் ஒளித்தாள். சுவரோரமாக நகர்ந்து வந்தாள். "நத்தம் பொம்மையன் சளி கொண்டாந்திருக்கேன் தாயி. பேரைச் சத்தமா கூப்புடாதீக." பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து இருமினாள். ராபின் நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்றான். மூன்று தடவை செய்தாள். மூன்றாவது தடவை, உண்மையில் நடக்காத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். வாயிலிருந்து நூலாகத் தொங்கும் கோழையை விரலில் சுற்றி எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேட்டியில் துடைப்பது. அதற்குத்தான் ராபின் மிக அதிகமாகச் சிரித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடமதுரையில் ராபினுடைய சிநேகிதன் டோனியின் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் விழா. பூசை முடிந்து வீட்டில் பிரியாணி. கீழே பெண்கள், மாடியில் தகரக் கொட்டகைக்கு அடியில் ஆண்கள். டோனியின் மனைவி நான்சி, கோலா உருண்டை இருந்த பாத்திரத்தை மரியசெல்வியிடம் கொடுத்து, "மேல வெஞ்சனம் பத்தலையாம். செத்த கொண்டுபோயி குடுத்துட்டு வாரியா" என்றாள்.

பாதிப் படியில் ஒரு இருமல் கேட்டது. யாருக்கோ நெஞ்சு ரொம்பக் கெட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த படியில் கால் வைக்கும்போது, "சத்தமா கூப்புடாதீக தாயி" என்று தன்னுடைய குரல் சொல்லியது.

ஆறு தலைகள் ஒரே போனுக்கு மேல் குனிந்திருந்தன. எல்லோர் கையிலும் சோறு. ஒருவன் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே சிரித்ததில் மூக்கு வழியாக மசாலா ஏறி, இருமி, மறுபடி சிரித்தான். போனைப் பிடித்திருந்தவன் ராபின். திரையில் அவள், நிறம் போன நைட்டியில், மேலே துப்பட்டாகூட இல்லாமல், கொண்டையை அள்ளி முடிந்திருந்த கோலத்தில் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். யாருடைய வாயிலிருந்தோ ஒரு பருக்கை தெறித்து அவள் முகத்தின்மேல் விழுந்தது. ராபின் அதை மோதிர விரலால் வழித்தான். கறி எண்ணெய் அவள் வாயிலிருந்து நெற்றிவரை இழுபட்டு மினுங்கியது.

"ஏலே, நிறுத்து நிறுத்து" என்றான் கண்ணுசாமி. நத்தத்தில் உரக்கடை வைத்திருப்பவன். "இது எங்கூரு பொம்மையன் மாமால்ல? அப்படியே அச்சு! லேப்புல சளி குடுக்குறாருன்னா, அந்தாளுக்கு டிபியாடா? வெறும் சளின்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நான் தெனமும் அவருகூட உக்காந்து டீ குடிக்கிறேன்டா."

அப்போதுதான் ராபின் அவளைப் பார்த்தான். அவன் முகம் பயப்படவில்லை. அதைத்தான் அவளால் பிறகும் மறக்க முடியவில்லை. பெருமையில் அந்த முகம் விரிந்தது. "இந்தா, ஆர்ட்டிஸ்ட்டே வந்தாச்சு! செல்வி, நேர்ல ஒருக்கா பண்ணிக் காட்டு. இவனுக நம்ப மாட்டேங்குறானுக."

"எனக்கு உங்க மாமியார் வீடியோதான் தங்கச்சி ரொம்பப் பிடிக்கும்" என்றான் எலும்பு வைத்திருந்தவன். உறிஞ்சிய விரல்களாலேயே பாத்திரத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டான்.

அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினாள். பந்தியில் நான்சி அவளை உட்காரவைத்தாள். இலையில் விழுந்த கறித்துண்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. மலத்துக்கும் சீழுக்கும் முகம் சுளிக்காதவள் அதைத் தொடாமலேயே இலையை மடித்து எழுந்தாள்.

திரும்பும் வழியில் ராபின் பேசிக்கொண்டே வந்தான். அவன் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. ஏலக்காயும் ஆட்டுக் கொழுப்பும் வெயிலும் கலந்த வாடை காற்றில் அவள் முகத்தில் அடித்தது. வழக்கமாக அந்த முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் வருவாள். இன்று இடையில் ஒரு பையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேரு பாத்திருக்காங்க?" என்றாள்.

"குரூப்புல பதினோரு பேருதான். எல்லாம் நம்ம பயலுக."

"எப்பலேருந்து?"

"ஆறேழு மாசம் இருக்கும். போனைத் தண்ணி பாட்டில்ல சாச்சு வெச்சிருவேன். சொன்னா உனக்கு வெக்கம் வந்துரும், அப்புறம் இம்புட்டு நல்லா வராது. அதான் சொல்லல." தலையைத் திருப்பினான். "எம் பொண்டாட்டி மாதிரி ஆரு பண்ணுவா? அவனவன் பொண்டாட்டி மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கான்னு பொலம்புறான். நம்ம வீட்டுல பாருங்கடா எப்படி இருக்கோம்னு காட்டுனேன். அது ஒரு தப்பா?"

"நைட்டியோட."

"கழுத்துவரைக்கும் மூடித்தான இருக்கு."

"அந்த ஆளுக்கு நோய் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும்."

ராபின் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு, குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல், ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலக் கேட்டான். "பேரைச் சொன்னது நானா செல்வி? நீதான சொன்ன."

தாமரைப்பாடி தாண்டியதும் அவள் அவன் தோளைத் தட்டினாள். வண்டி நிற்பதற்குள் குதித்து, ரோட்டோரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை. பச்சையாகத் தண்ணீர் வந்தது. ராபின் ஓடிவந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். அந்த உள்ளங்கையில் இன்னும் பிசுக்கு இருந்தது. அதனால் இன்னொரு முறை வந்தது.

அவள் வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது அவன் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் ஏறியிருந்தது.

"ஏய்… தள்ளிப்போயிருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துவிட்டான். "அம்மா, செல்வி வாந்தியெடுக்குறா. ஆமாம்மா, இப்பத்தான், ரோட்டுல. நீயே பேசு." ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான். செபாஸ்தியம்மாள் மறுமுனையில் அழ ஆரம்பித்தாள். "மாதாவே, எங்குலத்தக் காத்தியே தாயே, எஞ்செல்விய ஒரு கொறையுமில்லாம வெச்சிரு." நிஜமான அழுகை. ஆனால் அந்த அழுகையை மரியசெல்வி எத்தனையோ சாயங்காலம் செய்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சும் இடம், 'தாயே'யில் குரல் உடையும் இடம் எல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது அவள் காதில் ஒரு அம்மாவின் அழுகை விழவில்லை. தான் செய்வதைப் பார்த்து யாரோ சுமாராகச் செய்வதுபோலத்தான் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தமுறை அருவருப்பு ராபின்மேல் இல்லை, தன்மேல்.

திங்கட்கிழமை லேப்பிலேயே பரிசோதித்துப் பார்த்தாள். ஒரு கோடுதான். "சரி விடு, அடுத்த மாசம் பாப்போம்" என்றான் ராபின். அவள் கேட்காமலேயே குரூப்பைத் திறந்து, வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினான். "போதுமா?" அவன் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. பதினோரு போன்களிலும், அவற்றிலிருந்து அனுப்பப்பட்ட மற்ற போன்களிலும் அவை இன்னும் இருக்கும்.

சாயங்காலங்களில் அவன் பழையபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். போனை வேண்டுமென்றே அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தான். "வீட்டுக்காரரு" என்பான், மெதுவாக, நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல. அவள் மாவைத் தேய்ப்பாள். சிரிப்பதற்குத் தயாராகப் பாதி திறந்தபடி அவன் வாய் காத்திருக்கும். மேல் ஈறு கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஒன்றரை வருடத்தில் அதை அவள் கவனித்ததே இல்லை. சில சமயம், அவன் அந்தப் பெயரைச் சொன்ன உடனே, அவளுடைய தோள் தானாகவே வீட்டுக்காரரின் தோளைப்போல ஒரு பக்கம் சாயத் தொடங்கும். அப்போது தன் உடம்பின்மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பு வந்தது. ஒரே டம்ளரில் இருந்த பல் பிரஷ்களில் தன்னுடையதை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அவன் பார்த்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பொம்மையன் வந்தார். டிபி மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி சளி கேட்டிருந்தார்கள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அவளைக் கண்டதும் தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

"எப்படிண்ணே இருக்கீங்க?" என்றாள்.

"ஒடம்பு தேவல தாயி. ஊருதான் தேவலையா இல்ல." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எப்படியோ தெரிஞ்சுபோச்சு. டீக்கடையில எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. தோப்புக்காரவுக ரெண்டு பேரு இந்த வருசம் வேணாம்னுட்டாக. மருந்துக் கடையில எவனோ சொல்லியிருக்கணும். ஒங்களத் தவிர இங்க ஆருக்கும் தெரியாதுல்ல."

அவள் டப்பாவில் எண்ணை எழுதி நீட்டினாள். அவர் பின்பக்கம் போனார். போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் போய்ப் பார்த்தாள். காம்பவுண்டுச் சுவருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டு, காலி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேங்குது தாயி. அப்பல்லாம் கேக்காம வந்துச்சு. இப்ப இருமவே மறந்துபோச்சு."

"மூச்ச நல்லா உள்ள இழுங்க. ரெண்டு தடவ விடுங்க. மூணாவது தடவ அடிவயித்துலேருந்து இருமணும்."

அவர் முயன்றார். தொண்டையில் ஒரு கனைப்பு மட்டும் வந்தது. "எப்படின்னு ஒருக்கா செஞ்சு காட்டுங்களேன்" என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணே, அது மருந்துக் கடை இல்லை. அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாடம் கேட்பவரைப்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுத்தாள். முழங்காலில் கையை ஊன்றினாள். குனிந்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமினாள்.

பொம்மையன் கவனமாகப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவள் ஊன்றியது போலவே கையை ஊன்றி, அவள் குனிந்த அளவே குனிந்தார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து மாறி மாறி இருமினார்கள். லேப்பின் ஜன்னலில் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் நெஞ்சில் ஏதோ பிடி விட்டது. டப்பாவில் துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு, அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

வெறும் வெள்ளை நுரை; மஞ்சளும் இல்லை, சிவப்பு இழையும் இல்லை. அதில் சிறுசிறு குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.