வாளிக்குக் கீழே ஒரு புள்ளி

மதிப்பெண் பட்டியல் வாங்க நின்ற பிள்ளைகளின் வரிசையில் ஒரே ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. அது அப்பாவின் தலை. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "அங்கிள், உங்க பொண்ணு நம்பரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, என் நம்பர்தான். பொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே பாஸாயிட்டா. நான்தான் கொஞ்சம் லேட்டு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். பக்கத்தில் நின்ற மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க என்ன இருக்கிறது? நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

ஆசைக்காக அவர் எழுதவில்லை. பெரிய கட்டிடங்களில் குளிர்காற்று போகும் தகரக் குழாய்களை வெட்டி, வளைத்து, மேலே ஏறி மாட்டுவது அப்பாவின் தொழில். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்ததில் முட்டி போய்விட்டது. கம்பெனியில் கீழேயே நின்று தகட்டுக்கு அளவு போட்டுக் கொடுக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. பத்தாவது பாஸ் சான்றிதழைக் கொண்டு வா, ரிசல்ட் வந்த அடுத்த மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார் முதலாளி. இல்லாவிட்டால் அந்த முட்டியோடு மறுபடியும் ஏணிதான்.

அதனால் மகள் வாத்தியாரானாள். தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் பாடம். கையில் சிவப்புப் பேனா. அப்பா அவளுக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஏறிவிட்டது. கணக்கில்தான் மனிதர் முரண்டு பிடித்தார். சூத்திரத்தை எழுதச் சொன்னால் படம் வரைவார்.

"படத்துக்கு யாருப்பா மார்க் போடுவா? சூத்திரம் எழுதுங்க. மறந்துபோச்சுன்னா அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க!" தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

பட்டியல் கைக்கு வந்தது. நாலு பாடத்தில் தேறிவிட்டார். கணக்கில் முப்பத்தேழு. தேற நாற்பது வேண்டும்.

அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "விடு டீச்சரம்மா. ஏணி எனக்கு என்ன புதுசா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. மகள் விடுவிடுவென்று தேர்வு அலுவலக ஜன்னலுக்குப் போனாள்.

எழுத்தர் நல்ல மனுஷன். பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு வழி இருக்கும்மா. மறுகூட்டல்னா போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டுவாங்க, அவ்வளவுதான். மறுமதிப்பீடுன்னா இன்னொருத்தர் புதுசா திருத்துவார். அதுக்கு எந்தக் கேள்வி, என்ன காரணம்னு எழுதி, ஒரு கணக்கு வாத்தியார் கையெழுத்து போட்டுத் தரணும். முதல்ல விடைத்தாள் நகலை வாங்கிப் பாரு. பத்து நாள்தான் டயம்."

நாலாம் நாள் நகல் வந்தது. மகள் தன் பள்ளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முதலில் கூட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை கூட்டினாள். முப்பத்தேழு. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

ஒரு பக்கத்தில் நின்றாள். அங்கே இருந்த கேள்வி இதுதான்: வாளி மாதிரி ஒரு தகரப் பாத்திரம், மேல்வாயின் ஆரம் பதினாலு, அடியின் ஆரம் ஏழு, சாய்ந்த பக்கத்தின் நீளம் பத்து. பக்கத் தகட்டின் பரப்பு என்ன? சூத்திரம் ஒரே வரி. அப்பாவுக்கு அது ஞாபகம் வந்திருக்காது, இடம் காலியாகக் கிடக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பக்கம் முழுக்கப் படம். குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் 'சூத்திரம் இல்லை', சுழி.

கீழே விடை அறுநூற்று அறுபது என்று இருந்தது. அவள் உள்ளங்கையிலேயே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாள். அறுநூற்று அறுபது!

குருட்டு அதிர்ஷ்டமோ? அப்போதுதான் படத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள். அப்பா வாளியை வரைந்து, அதன் இரண்டு பக்கங்களையும் அடியைத் தாண்டிக் கீழே நீட்டியிருந்தார். வாளியே இல்லாத இடத்தில் இரண்டு கோடும் ஒரு புள்ளியில் சந்தித்தன. அடிவாய் மேல்வாயில் பாதி, அதனால் புள்ளி இன்னும் பத்து தள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து முழுக் கூம்பையும் வெட்டி விரித்தால் ஒரு பெரிய விசிறி. அதன் பரப்பு எண்ணூற்று எண்பது. கீழே ஒரு சின்ன விசிறி, இருநூற்று இருபது. அதன் பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்தில்: 'இது இல்லாத தகடு. கழிக்கணும்.'

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே மாதிரிக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் அவள். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்பா அதைத் தேர்வு அறையில் உட்கார்ந்து, மணி ஓட ஓட, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். அம்மாடி!

ஓட்டமாய் ஓடிக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரும்மா எழுதினது?"

"எங்க அப்பா, சார். தகட்டு வேலை."

"இருபது வருஷமா இந்தச் சூத்திரத்தைப் போர்டுல எழுதிப் போட்டுட்டு வரேன். ஏன்னு எந்தப் பிள்ளையும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. மனுஷன் ஒரே பக்கத்துல சொல்லிட்டாரே!" அவர் ஒன்றரைப் பக்கம் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து நின்று கொடுத்தார்.

சாயங்காலம், "எப்படிப்பா தோணிச்சு?" என்று கேட்டாள்.

"இதுல தோண என்ன இருக்கு? பெரிய குழாய் சின்னதாகுற இடத்துல தினமும் இதைத்தானே வெட்டறோம். நுனி எங்கன்னு தெரியாம தகட்டை வெட்ட முடியாது. நுனி தகட்டுக்குள்ள இருக்காது, அதனால தரையில சாக்பீஸால ஒரு புள்ளி வெப்போம்." செருப்பு மாட்டுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "நீ விட்டுடச் சொன்னே. மனசு கேக்கல."

மகளுக்குச் சுருக்கென்றது. பழைய பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தாள். அங்கேயும் ஒரு வாளி, அதற்குக் கீழே ஒரு புள்ளி, இரண்டு விசிறி, சரியான விடை. குறுக்கே அவளுடைய சிவப்புக் கோடு. 'படம் வேண்டாம்!!!' என்று மூன்று ஆச்சரியக்குறி. பக்கத்தில் சுழி.

அப்பாவுக்கு முதல் சுழி போட்டவள் அவள்தான். வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டைத் தன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மறுமதிப்பீடு வந்தது. நாற்பத்திரண்டு. அந்தக் கேள்விக்கு அஞ்சுக்கு அஞ்சு. எழுத்தர் ஜன்னலை விட்டு வெளியே வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உள்ளே போய் எதையோ எடுத்துவந்து மேஜையில் வைத்தார். அந்த நோட்டு.

"துணி மடிச்சு வெக்கும்போது பார்த்தேன்" என்று பக்கத்தைத் திறந்தார். "தேர்வு ஆபீஸ்ல அவங்க சுழியை எடுத்துட்டாங்க. இந்தச் சுழிக்கு எந்த ஜன்னல்ல மனு போடணும், டீச்சரம்மா?"

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகை முந்திக்கொண்டது. "தப்புப்பா. நான் பார்க்கவே இல்லப்பா" என்றாள். சிவப்புப் பேனாவை எடுத்துச் சுழியை அடித்தாள், ஐந்து போட்டாள், கீழே தேதியோடு கையெழுத்தும் போட்டாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்து மார்க்கை மேலிருந்து ஒரு முறை கூட்டிப் பார்த்தார்.