கியர் இல்லாத வண்டி

அமரர் ஊர்திக்கு வழிவிட அப்பாவின் காரைப் பின்னால் எடுத்த அண்ணன், பழக்கதோஷத்தில் இடது காலால் கிளட்சைத் தேடி, பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டான். கார் குலுங்கி நின்றது. பின்மண்டை சீட்டில் இடித்தது.

"சனியன் பிடிச்ச வண்டி! அப்பாவும் இப்படித்தான் மிதிச்சிருப்பாரு. அந்த அதிர்ச்சியிலதான் நெஞ்சு நின்னிருக்கும்" என்று கத்திக்கொண்டே இறங்கினான். அது யாருக்கான அர்ச்சனை என்று வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

காலையிலிருந்து தங்கையை அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான். கார் வாங்கப் போன அன்று, செகண்ட்ஹேண்ட் கார் கடையில் ஒரே மாதிரி இரண்டு சொகுசுக் கார்கள் நின்றன. ஒன்று கியர், ஒன்று ஆட்டோமேட்டிக். "கியர் இல்லாட்டி அது காரா? தொட்டில்" என்றான் அண்ணன். அப்பாவும் அவன் கட்சி. இடது முட்டி தேய்ந்து, மாடிப்படிக்கே முனகுகிற மனுஷனுக்குக் கிளட்ச் எதற்கு என்று மல்லுக்கு நின்று ஆட்டோமேட்டிக்கை எடுக்கவைத்தவள் இவள். அதன்பிறகு அந்தக் காரைப் பற்றி அப்பா ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்று காலை அதற்குள்ளேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். எதனால் வந்தது என்று அவர் சொல்லவில்லை, பாவி மகள் கேட்கவும் இல்லை.

துக்கம் விசாரிக்க வந்த மருந்துக்கடை அம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க கடை வாசல்லதான்மா. மெதுவா ஓரங்கட்டி நிறுத்திட்டு, நெஞ்சு வலிக்குது, தண்ணி குடும்மான்னாரு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டுக் குடுத்தேன். இந்த வலியோட எப்படி சார் ஓட்டிட்டு வந்தீங்கன்னேன். 'எம் பொண்ணு அடம்பிடிச்சு எடுத்த வண்டிம்மா. கியர் வண்டின்னா நடுரோட்டுல எவன் மேலயாவது ஏத்தியிருப்பேன். எம் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாத, மானம் போயிடும்'னு சிரிச்சாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

சொல்லிவிட்டு, உள்ளே வந்து எதிரில் நிற்பவன்தான் அந்தப் பையன் என்று தெரியாமல் அவனிடமே, "கொஞ்சம் ஃபேனைப் போடுங்க தம்பி" என்றாள். அவன் போட்டான்.

தங்கைக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பா செத்த வீட்டில் இப்படித் தோன்றலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும் அகோரப் பசி.

"அத்தை, சாப்பிட ஏதாவது இருக்கா?"

அத்தை எழுவதற்குள் அண்ணன் தட்டை எடுக்கப் போய்விட்டான்.