முகமில்லா முனியனின் ராசி நம்பர்

ரெங்கசாமிக்கு வாய் ரெண்டு. ஒண்ணு, பெண்டாட்டி தங்கமணி முன்னால திறக்கவே திறக்காது. இன்னொண்ணு வாட்சாப்புல இருந்துச்சு, அது மூடவே மூடாது.

கடை பிரிக்ஃபீல்ட்ஸ்ல, கம்ப்யூட்டர் ரிப்பேர். வீடு கிள்ளான்ல. ரயில்ல போய் வர்ற நேரமெல்லாம் அவர் ரெங்கசாமி இல்ல, 'முகமில்லா முனியன்'. 'கிள்ளான் வெட்டவெளி'ங்கிற வாட்சாப் குழுவுல உட்கார்ந்துக்கிட்டு ஊர்ல ஒருத்தர் விடாம வறுத்தெடுப்பார். அதிகமா வறுபட்டது மேரு பக்கத்துக் கோயில் தலைவர் சபாபதி. லோரி கம்பெனி முதலாளி. அன்னதானத்துல இலை போட்டு, சோறு வச்சு, சாம்பார் ஊத்தின பிறகுதான் அந்த மனுஷன் மைக்கைப் பிடிப்பார். பிடிச்சா விடமாட்டார். "சாமியே எந்திரிச்சுப் போயிருச்சு, தலைவர் இன்னும் உட்காரல"ன்னு முனியன் எழுதினதை அடுத்த ஊர் பந்திங் வரைக்கும் ஃபார்வர்ட் பண்ணிச் சிரிச்சாங்க.

ஐசி, அதான் அடையாள அட்டை, காட்டினாத்தான் சோசியல் மீடியாவுல கணக்குத் திறக்க முடியும்னு பேச்சு அடிபட்டப்போ குழுவுல ஒரே ரகளை. சபாபதி துள்ளினார். "கரெக்ட்லா! பேரைச் சொல்லத் துணிச்சல் இல்லாதவனுக்கு என்ன பேச்சுரிமை?"

முனியன் விடுவாரா? "பேரைச் சொன்னா நீங்க லோரியை விட்டு ஏத்திருவீங்களே தலைவரே! அது போகட்டும், என் ஐசியை வாங்கி வைக்கிறவன் அதை எவன்கிட்ட விப்பான்னு நீங்க ஜாமீன் குடுப்பீங்களா?" அதோட நிறுத்தினாரா? பாஸ்வேர்ட் எப்படி வைக்கணும்னு பாடம் வேற. "பிறந்தநாளைப் பாஸ்வேர்டா வைக்கிற மடையனுங்களா, உங்களைத் திருடாம பின்ன யாரைத் திருடுவான்?"

ஊருக்கு உபதேசம் பண்ணின இந்த மகான் தனக்குன்னு வந்தப்போ என்ன பண்ணார் தெரியுமா? முனியனா அவதாரம் எடுத்த அன்னிக்கு, அதுக்குன்னே தனி போன், தனி சிம் வாங்கப் போனார். கடைப் பெண் நம்பர் அட்டையை நீட்டினதும் அவர் விரல் நேரா போய் நின்னது, கடைசியில 5518ன்னு முடியிற நம்பர்ல. அவர் கார் நம்பர் 5518. சொந்தப் போனும் 5518ல முடியும். வாராவாரம் எடுக்கிற நாலு நம்பர் லாட்டரியும் அதேதான். கூட்டினா ஒண்ணு வருதாம், சூரியன் நம்பராம், ராசியாம். எவன் கண்ணுலயும் படக்கூடாதுன்னு வாங்கின சிம்முல தன் ராசியையே ஒட்டிக்கிட்டு வந்தார் மனுஷன். அடப்பாவி, இதை எங்க போய்ச் சொல்ல!

இப்படி இருக்கிறப்போதான் ஒரே மக விஷ்ணுப்ரியா வந்து பக்கத்துல உட்கார்ந்தா. "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. பேரு குகன்."

"நல்ல பேரு. அவங்க அப்பா?"

"கோயில் தலைவர் சபாபதி."

ரெங்கசாமிக்கு வாயில இருந்த தோசை உள்ளயும் போகல, வெளியிலயும் வரல.

"அங்கிள் ரொம்ப ரோஷக்காரர்ப்பா. யாரோ முனியனாம், கையில கிடைச்சா போலீஸ்ல குடுக்காம விடமாட்டேன்கிறார். வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றாங்க. வாட்சாப் பேச்சை மட்டும் எடுத்துராதீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும்ப்பா."

அன்னிக்கே முனியனைக் கொன்னு புதைச்சிரணும்னுதான் நினைச்சார். போனையும் எடுத்தார். ஆனா நாளைக்கு, நாளைக்குன்னு ஞாயித்துக்கிழமையே வந்துருச்சு. காலையில சபாபதி குழுவுல எழுதியிருந்தார்: "முனியனைக் காணோமே? பயந்துட்டான் போல."

ஒரே ஒரு பதில். கடைசி பதில். "எனக்கென்ன பயம் தலைவரே? சாம்பார் ஆறிப்போறதுக்குத்தான் பயம்!"

அனுப்பின கையோட வாசல்ல ஹாரன். பதறிப்போய் போனை பக்கத்துல இருந்த முறுக்கு டின்னுக்குள்ள திணிச்சு மூடினார்.

வெளியில குகன் இறங்கி நிக்கிறான். சபாபதி உள்ள வரல. வாசல்ல நிக்கிற ரெங்கசாமியோட காரையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். நல்ல காரியத்துக்குப் போற வீட்டு கார் நம்பரை லாட்டரியில எடுக்கிறது நம்ம ஊர்ல சாமி கும்பிடுற மாதிரிதானே!

"அஞ்சு அஞ்சு ஒண்ணு எட்டு…" சபாபதி நெத்தியைத் தேய்ச்சார். "இந்த நம்பரை நான் தினம் பார்த்து வயிறெரியிறேனே. எங்க?"

ரெங்கசாமி ஓடிப்போய் நம்பர் பிளேட்டை மறைச்சு நின்னார். "ராசியான நம்பர். ஊர்ல நிறையப் பேர்கிட்ட இருக்கும். உள்ள வாங்க, வாங்க."

சபாபதி உள்ள வந்து உட்கார்ந்தார். காப்பியைத் தொடல. போனை எடுத்து குழுவைத் திறந்து, முனியன் நம்பரைப் பார்த்து, அழுத்தினார். அந்நேரம் பார்த்து தங்கமணி முறுக்கு டின்னைக் கொண்டாந்து மேசையில வச்சா.

டின்னு கிர்ர்ர்னு நடுங்குச்சு.

"எலி போல," என்றார் ரெங்கசாமி.

"என் முறுக்கு டின்லயா எலி?" தங்கமணிக்கு மானம் போயிருச்சு. மூடியைப் பிடுங்கினா. முறுக்குக்கு மேல போன் மினுக்கிக்கிட்டு ஆடுது. திரையில, கூப்பிடுறவர் பேரு பெரிய எழுத்துல: 'ஆறின சாம்பார்'.

அதை எல்லாருமே படிச்சாங்க. குகன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஃபேனைப் பார்த்தான். விஷ்ணுப்ரியா மட்டும், "அப்பா…" என்றா. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுல ரெங்கசாமி நொறுங்கிப் போனார்.

எந்திரிச்சு நின்னார். "நான்தாங்க. எல்லாம் நான்தான். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. போலீஸுக்குப் போங்க, லோரியையே விட்டு ஏத்துங்க. அவளை மட்டும் வேணாம்னு சொல்லிராதீங்க."

சபாபதி ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சார். மென்னார். மென்னுக்கிட்டே இருந்தார்.

"எல்லாரும் பேரைப் பதியணும்னு நான் சொன்னேன். நீங்க என் பேரை இப்படிப் பதிஞ்சு வச்சிருக்கீங்க." அப்புறம் மகனைப் பார்த்தார், விஷ்ணுப்ரியாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "கல்யாணத்தை நடத்துவோம். ஒரே ஒரு கண்டிஷன். பந்தியில இலை போட்டு, சாம்பார் ஊத்தின பிறகு நான் பேசுவேன். எவ்வளவு நேரம்னு யாரும் கேட்கக்கூடாது."

"பேசுங்க சம்பந்தி," என்றார் ரெங்கசாமி, கண்ணைத் துடைச்சுக்கிட்டே. "பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல."

கிள்ளான் மண்டபத்துல அது நடந்துச்சு. சபாபதி மைக்கைப் பிடிச்சார். தலைப்பு, பேச்சுரிமை. இலையில சோறு காயுது, பிள்ளைங்க அப்பளத்தைத் திருடுதுங்க. குழுவுல ஒரே கூப்பாடு: 'முனியா, எங்கடா இருக்கே? எழுதுடா!' ரெங்கசாமி இடுப்புல போன் துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் தொடல. பேச்சு ஒருவழியா முடிஞ்சதும் முதல்ல கை தட்டினது அவர்தான்.

மேடையில இருந்து மக சிரிச்சா. சபாபதி பக்கத்துல வந்து உட்கார்ந்தார். "சாம்பார் எப்படி சம்பந்தி?"

ரெங்கசாமி பிசைஞ்சு ஒரு வாய் வச்சார். ஐஸ்.

"நல்ல சூடுலா," என்றார்.

சாம்பாரைப் பத்தி முனியன் இத்தனை நாளும் எழுதினதெல்லாம் உண்மை. அன்னிக்குத்தான் முதல் பொய் சொன்னார்.