சட்டை மாட்டாத சொற்கள்

“‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ன்னா யாருக்குக்கா சொல்ற? செவுத்துக்கா?”

“ஆபீஸ் நோட்டீஸ் அப்படித்தான்டா இருக்கும். பின்ன எப்படி எழுதறதாம்?”

“மொதல்ல எங்கிட்ட சொல்ற மாதிரி எழுது. அப்புறம் அதுக்குச் சட்டையை மாட்டி, பொத்தானைப் போட்டு, மேனேஜருக்கு அனுப்பு.”

தம்பி விளையாட்டாகத்தான் சொன்னான். அக்கா அதையே வழக்கமாக்கிக்கொண்டாள். ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவனுக்குக் கிடங்கில் வேலை. அவளுக்கு அதன் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதும் வேலை. ‘டேய், நாளைக்குத் தண்ணி வராது, வீட்லயே குளிச்சுத் தொலைச்சுட்டு வா’ என்று முதலில் கணினியில் தட்டுவாள். பிறகுதான் அது ‘குழாய்ப் பராமரிப்புப் பணி காரணமாக’ என்று தலை வாரிக்கொண்டு அறிவிப்புப் பலகைக்குக் கிளம்பும். பலகைக்கு முன்னால் நின்று தம்பி அதன் சட்டையைக் கழற்றி எல்லாருக்கும் சொல்வான். சிரிப்பு அவள் ஜன்னல்வரைக்கும் வரும்.

கிடங்கின் மேல்தட்டிலிருந்து அவன் விழுந்து இறந்தபோதும் அறிவிப்பு எழுத அவளைத்தான் கேட்டார்கள். “வேற யாருக்கும் வார்த்தை வரலம்மா” என்றார் மேலாளர், மேசையைப் பார்த்தபடி. அவளுக்கு வந்தது. ‘டேய்’ என்று தொடங்க மட்டும் விரல் எழவில்லை. நேராகவே ‘பணியின்போது ஏற்பட்ட எதிர்பாராத விபத்தில்’ என்று எழுதினாள். ஒரு பிழைகூட இல்லை.

அதிலிருந்து அவள் எழுத்துக்கு ஒரே நடைதான். எழுதும்போதெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் அட்டைப்பெட்டித் தூசியின் வாசனை வரும், யாரோ சிரிப்பை அடக்குகிற மாதிரி மூச்சு கேட்கும். திரும்பினால் தண்ணீர் கேன் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

வாசனையைவிட அந்த ஆம்புலன்ஸ் வண்டிதான் அவளை அதிகம் துரத்தியது. அன்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் தம்பி கண் திறந்தான். “வீட்ல அவகிட்ட நீயே சொல்லிடுக்கா. நோட்டீஸ் மாதிரி சொல்லாத” என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். ஈரக்கையோடு ஓடிவந்த அவன் மனைவியிடம் இவள் வாயிலிருந்து வந்தது, ‘சிகிச்சை பலனளிக்கவில்லை.’ அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டவளைப் போலத் தலையை ஆட்டினாள்.

பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சில மாலைகளில் தம்பி மனைவி அக்காவின் அறை வாசலில் வந்து நிற்பாள். உதடு பிரியும். “டீ போடவா அண்ணி?” என்பாள். கேட்க வந்தது டீ இல்லை என்று இருவருக்கும் தெரியும். “போடும்மா” என்று இவளும் தப்பித்துக்கொள்வாள்.

ஓர் இரவு கூடத்தில் தம்பி மனைவியின் பெட்டி கட்டிய நிலையில் நின்றது. விடிந்தால் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வருவதாகப் பேச்சில்லை. அறைக்குள் அக்கா, தம்பியின் முதலாம் ஆண்டு நினைவு அறிவிப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

“டீ…”

மீதி வரவில்லை. அவள் உள்ளே வந்து, நாற்காலிக்குப் பின்னால், எப்போதும் அந்த வாசனை நிற்கும் இடத்தில் நின்று திரையைப் படித்தாள்.

“‘அன்னாரது அர்ப்பணிப்பு மிக்க பணி’…” லேசாகச் சிரித்தாள். “இது யாரு அண்ணி? எனக்குத் தெரிஞ்சவரா?”

“ஆபீஸ் நோட்டீஸ்மா. அப்படித்தான் இருக்கும்.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் பழையவை என்று உறைத்தது. அக்காவின் விரல்கள் தாமாக எழுதியதை அழிக்கத் தொடங்கின. ‘பணி’ போனது, ‘அர்ப்பணிப்பு’ போனது, ‘அன்னார்’ போனார். வெள்ளைத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது. அவள் ‘டேய்’ என்று தட்டினாள். மேலே ஓடவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. பாத்திரம் துலக்கிய கை, ஈரம் காயவில்லை.

“வண்டியில நீங்கதானே கூட இருந்தீங்க. நாளைக்கு நான் போயிடுவேன், அப்புறம் கேக்க வாய் வராது.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அவர் என்ன சொன்னாருன்னு சொல்லுங்க அண்ணி. நோட்டீஸ் மாதிரி சொல்லாதீங்க.”