போன வருஷத்துக் குழி

ஜூன் ஐந்தாம் தேதி காலை, மாரிகுப்பத்து சயனைட் மேட்டின் அடிவாரத்தில், ரவிகுமார் தன்னுடைய முகத்தையே இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஃப்ளெக்ஸ் பேனரில் இருந்த ரவிகுமார் கைகூப்பிச் சிரித்தான். அவனுக்குப் பின்னால் கோலார் தங்கவயல் எந்தக் காலத்திலும் பார்த்திராத ஓர் அருவி கொட்டியது. கம்பைப் பிடித்திருந்த ரவிகுமாருக்கு வியர்வை கொட்டியது. ‘மரம் நடுவோம், மண்ணைக் காப்போம்’ என்ற எழுத்துகள் காற்றில் உப்பி உப்பி அடங்கின.

“இன்னா ரவி, குழி தோண்ட ஆளு தேடறியாமே?” வாளியோடு வந்த பார்வதம்மா நின்றாள். மேட்டை ஒட்டி, சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளான லைனில், கடைசி வீடு அவளுடையது. “எதுக்கு தேடறே? போன வருசத்து குழி அப்படியே கீதே. அதுக்கு முந்தின வருசத்து குழியும் அதேதான்.”

“நல்லதாப் போச்சுக்கா. வேலை மிச்சம்” என்று சிரித்தான் ரவிகுமார். எதையும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் வரம் அவனுக்கு உண்டு.

மேடு என்று ஊர் சொன்னாலும் அது மலை. பாறையை அரைத்து, சயனைடால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், பல தலைமுறைகளாகச் சேர்ந்து, ஊருக்கு நடுவே படுத்துறங்கும் சாம்பல்நிற மிருகம்போல் கிடந்தது. சுரங்கம் மூடிய பிறகும் மிருகம் எழுந்து போகவில்லை. காற்றுக் காலம் வந்தால் மூச்சு விடும். அப்போது லைன் வீடுகளில் சோற்றுக்குள்ளும் பாய்க்குள்ளும் மண் இருக்கும்.

ரவிகுமாரின் வீடும் அதே லைனில்தான். ராபர்ட்சன்பேட்டையில் அவனுக்கு ஒரு பேனர் கடை. கல்யாணம், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாமே அவனிடம் ஃப்ளெக்ஸில் வெளியாகும். அடுத்த வார்டு தேர்தலில் நிற்க வேண்டும் என்பது ஆசை. அதற்காகத்தான் வருடாவருடம் இந்த மரம் நடு விழா.

அவன் மனைவி சுமா தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய், சமையலறைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து தருபவள். ஊருக்கெல்லாம் காற்றோட்டமான சமையலறை வரையும் அவளுக்குச் சொந்த வீட்டில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. இளைப்பு. “தூசு இல்லாத இடத்துக்குப் போங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “எலக்‌ஷன் முடியட்டும்” என்று ரவிகுமார் தள்ளிப்போட்டான். ஆடிக் காற்று தொடங்குவதற்குள் பெங்களூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாகவே போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று சுமா முடிவு செய்திருந்தாள். துணிகளைப் பாதி மடித்தும் வைத்துவிட்டாள்.

அன்று லீவு போட்டிருந்த அவள், காலையில் தோசையை வைத்தபடி கடைசியாக ஒருமுறை கேட்டிருந்தாள்.

“இன்னாங்க, இந்த வருசம் மேட்டுல நட வேணாம். நம்ம லைனுக்குப் பின்னாடி நடுங்க. எல்லா வீட்டு பாத்ரூம் தண்ணியும் சும்மாதானே சாக்கடைக்குப் போவுது? ஜல்லி போட்ட ஒரு சின்ன குழிய தாண்டி செடிக்கு திருப்பி விட்டா போதும். மரம் வளந்தா தூசுக்கு ஒரு தடுப்பு ஆவும்.”

“பாத்ரூமுக்குப் பின்னாடி போட்டோ எடுத்தா எவன் பாப்பான்?”

“ஒரு அலமாரி வரையறதுக்கு முன்னாடி நான் மொதல்ல கேக்கறது, இதை தெனமும் யார் தொறப்பாங்கன்னுதான். அவங்க கைக்கு எட்டலைன்னா அது அலமாரியே இல்ல. உங்க செடிய தெனமும் யார் பாப்பாங்க?”

அவன் பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

விழாவுக்குச் செடிகள் கொடுத்த கம்பெனியின் மேலாளர் மஞ்சுநாத் காரில் வந்து இறங்கினார். கைகளில் வெள்ளைக் கையுறை. “பேக பேக முடிச்சிடலாம்” என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார். “இன்னும் ரெண்டு ஊர் இருக்கு.”

கேமரா தயாரானது. மேலாளர் பழைய குழியில் மண்வெட்டியைப் போட்டார். ஏதோ வழுக்கியது. இன்னொரு வெட்டில், கிழிந்த கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்று மேலே வந்தது. உள்ளே காய்ந்த குச்சி. வேர்கள் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, மூடிய முஷ்டிபோல் இறுகிக் கிடந்தன. குச்சியில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் துண்டில் பெயர் மட்டும் மங்காமல் இருந்தது: ‘உங்கள் ரவிகுமார்’.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

“அடப்பாவிங்களா, கவரோடவே பொதைச்சிருக்கீங்களே!” பார்வதம்மாவின் குரல் எழும்பியது. “சாப்பாட்டு பார்சலை பிரிக்காம முழுங்கச் சொன்னா எவன் முழுங்குவான்?”

சிரிப்பு அலைபோல் பரவியது. ரவிகுமாரும் சிரிக்க முயன்றான். “பரவால்ல, போட்டோல அது வராது” என்றார் மேலாளர். காய்ந்த குச்சியைக் காலால் ஒதுக்கிவிட்டு, புதுச் செடியை எடுத்து, அதையும் பையோடு அதே குழியில் நிறுத்தினார். கேமரா மின்னியது.

அப்போதுதான் காற்று எழுந்தது. மேட்டின் உச்சி புகைந்தது. பேனரின் ஒரு பக்கக் கயிறு அறுந்து, கைகூப்பிய ரவிகுமார் படபடவென்று தன் முகத்திலேயே அறைந்துகொண்டான். கார் கதவுகள் மூடின. எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட, பார்வதம்மா கத்துவது மட்டும் கேட்டது: “ரவி! சுமாவப் பாருடா!”

வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருந்த சுமா, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் மூச்சு, துருப்பிடித்த தகரத்தில் எதையோ இழுப்பதுபோல் சத்தமிட்டது. ரவிகுமார் அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோய் இன்ஹேலரை வாயில் வைத்தான். ஜன்னல்களை அடைத்தான். கதவிடுக்கில் ஈரத்துணி செருகினான். பட்டப்பகலில் வீடு இருண்டது.

இளைப்பு கொஞ்சம் தணிந்ததும் சுமா பேசினாள். கோபம் இல்லாத குரல். அதுதான் அவனை உலுக்கியது.

“மூணு வருசமா நட்டீங்களே. அதுல பாதி பொழைச்சிருந்தாகூட, எனக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டி வந்திருக்காது.”

ரவிகுமார் இருட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் கண்ணுக்குள் அந்த வேர்முஷ்டி வந்துகொண்டே இருந்தது. பெயரை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு உள்ளே மூச்சுமுட்டிச் செத்த செடி. மூச்சுமுட்டுவது செடிக்கு மட்டும் இல்லை.

காற்று அடங்கியதும் எழுந்து வெளியே போனான். கேமரா போய்விட்ட மேட்டடியில் செடிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. கடையில் கூட வேலை செய்யும் சைலஸைக் கூப்பிட்டான்.

“எல்லாத்தையும் ஆட்டோல ஏத்து. நம்ம லைன் பின்னாடி இறக்கு.”

“பாத்ரூம் பின்னாடியா? போட்டோகிராபர் போயிட்டானே ணா.”

“அதுக்குத்தான் சொல்றேன். போனது நல்லதுதான்.”

சாயந்திரம் லைனே பின்பக்கம் கூடியது. காற்றில் கிழிந்த பேனரை ரவிகுமார் திருப்பிப்போட்டு விரிக்க, அதன் வெள்ளை முதுகில் சுமா உட்கார்ந்து அடுப்புக்கரியால் வரைந்தாள். இது வீடு, இது குளியலறை, இது ஜல்லிக்குழி, இங்கே மரம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரம், அந்த வீட்டுத் தண்ணீர். மரம் எங்கே நின்றால் வாளி எடுத்துவர வசதி, எந்த இடத்தில் துணி காயப்போடக் கொடி வேண்டும் என்று அவள் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுக் கோடுகளை அழித்து அழித்து வரைந்தாள்.

“எனக்கு முருங்கை வேணும்” என்றாள் பார்வதம்மா.

“வேணாம்கா. மேட்டுத் தூசு மொத்தமும் அது மேலதான் உக்காரும். அதை கிள்ளி கொழம்பு வெக்கப் போறீங்களா? திங்கற மரமே வேணாம். வேம்பு, புங்கன் போதும்.”

“சரி, வேம்பே குடு. எனக்கும் அதுக்கும் வாய் ஒத்துப்போவும்.”

நடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையையும் ரவிகுமாரே பிளேடால் கிழித்தான். சுற்றிய வேர்களை விரலால் பிரித்துவிட்டான். இளஞ்செடிகளைக் காற்று முறிக்காமல் இருக்க, கடையில் குவிந்திருந்த பழைய ஃப்ளெக்ஸ்களைக் கொண்டுவந்து கம்புகளில் திரையாகக் கட்டினான். அவற்றில் பல அவனுடைய முகங்கள்.

“உம் மூஞ்சி எந்தப் பக்கம் ணா?” என்றான் சைலஸ்.

“மேட்டைப் பாத்து கட்டுடா. அதுவாவது வணக்கம் வாங்கிக்கட்டும்.”

அந்த ஆடிக்கு சுமா அக்கா வீட்டுக்குப் போனாள். காற்று அடங்கியதும் திரும்பி வந்தாள். மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள். லைனில் ஒரு புதுப் பழக்கம் தொடங்கியிருந்தது. குளிக்காமல் சோம்பிக் கிடப்பவன் வீட்டு வாசலில் பார்வதம்மா நின்று, “இன்னாடா, ஒன் மரம் காயுது, எந்திரிச்சு குளி” என்று அதட்டினாள். சில செடிகள் பட்டுப்போயின, வேறு நட்டார்கள். மேட்டையே மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு லைன்காரர்கள் அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். இன்னும் நடக்கிறார்கள். ரவிகுமார் கடையில் துணி பேனரும் எழுத ஆரம்பித்தான்.

மரங்கள் குளியலறைக் கூரையைத் தாண்டிய பிறகு ஒரு ஜூன் மாதம், மஞ்சுநாத் மறுபடியும் வந்தார். “குழி ரெடியா ரவி?”

ரவிகுமார் அவரை லைனுக்குப் பின்னால் கூட்டிப்போனான். காற்று எழுந்திருந்தது. வரிசையாக நின்ற வேம்பும் புங்கமும் அதை வாங்கிச் சலசலத்தன. இலைகளெல்லாம் மேட்டின் நிறத்தில் இருந்தன. மரங்களுக்கு இந்தப் பக்கம், ஒரு வீட்டின் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. உள்ளே சுமா மடிக்கணினியில் யாருக்கோ சமையலறை வரைந்துகொண்டிருந்தாள்.

“இங்க குழி எதுவும் இல்லையே?” என்றார் மேலாளர்.

“இல்ல சார். வேலைதான் கீது.” பட்டுப்போன இடத்தில் புதிதாக வைத்திருந்த ஒரு கன்றைக் காட்டி, ரவிகுமார் வாளியை அவரிடம் நீட்டினான். “தெனமும் யார் தண்ணி ஊத்துவாங்கன்னு தெரிஞ்சா மட்டும் குழி தோண்டுங்க சார். அது தெரியாம தோண்டற குழி நம்ம போட்டோவுக்குத்தான். எம் பொண்டாட்டி மூச்சு நின்னுபோவ இருந்தப்புறம்தான் எனக்கு அது புரிஞ்சுது. நான் குடுத்த வெலைய நீங்க குடுக்க வேணாம், உங்களுக்கு சும்மாவே சொல்றேன்.”

மஞ்சுநாத் ஜன்னலைப் பார்த்தார். பிறகு வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, வாளியை வாங்கினார்.