சத்தம் போடாத சட்டி

குவாக் இன்மோ தலைநகர் போய் எழுதிய பரீட்சையெல்லாம் தோல்வி. எழுதிப் பழகிய தாள்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய மிஞ்சின. எலிகூட அவற்றைக் கொறித்துப் பார்த்துவிட்டு வேறு வீடு போய்விட்டது. மனிதருக்குத்தான் விட மனமில்லை.

மகள் யொன்சிலுக்குக் கல்யாணம் நெருங்கியது. மாப்பிள்ளை ஊர் மலைக் கணவாய்க்கு அப்பால். பொழுது முழுக்கப் பல்லக்குப் பயணம். வழியில் ஒன்றுக்கு வந்தால் அவசரத்துக்கு என்று பல்லக்கினுள் வைக்கப் பெரியப்பா பித்தளைச் சட்டி அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் அழுதாள்.

"இதுல போனா ஊருக்கே கேக்கும்பா! தூக்குறவங்க சிரிப்பாங்க. எனக்கு முன்னாடி என் கதை அங்க போய்ச் சேந்துடும்."

"காகிதத்தைத் திரிச்சுப் பின்னி அரக்குப் பூசினா ஒழுகாது, சத்தமும் வராது. காகிதம் வாங்கத்தான் வக்கில்ல" என்ற மனைவியின் பார்வை பெட்டிமேல் போய் நின்றது.

"என் எழுத்துல மூத்திரச் சட்டியா!" என்று இன்மோ குதித்தார். பிறகு மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தார். பெட்டியைத் திறந்துவிட்டார்.

விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள்களைக் கயிறாகத் திரித்தார். கை ஓடியது, வாய் புலம்பியது. அடிப்பாகம் பின்னி முடித்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. அரசரின் பெருமை பாடிய தாளல்லவா அடியில் போயிருக்கிறது! தலை போகிற காரியம்.

"ராஜா என்ன, உள்ள எட்டிப் பாக்கவா போறார்?" என்றாள் மனைவி.

அவர் கேட்கவில்லை. அத்தனையும் பிரித்து, அரசரை மூடிக்கு ஏற்றினார்.

"இப்ப மேல உக்காந்துட்டாரா? அரக்கை எடுங்க."

பூசிக் காயவைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை.

கல்யாணம் முடிந்து பல்லக்கு கிளம்பியது. பெண்ணைக் கொண்டுவிட இன்மோவும் பின்னாலேயே நடந்தார். அவர் உயிரெல்லாம் காதில் இருந்தது. ஏற்றத்தில் பல்லக்குத் தூக்கிகளின் மூச்சிரைப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை. பிள்ளை அடக்கிக்கொண்டு வருகிறாளோ என்று பல்லக்கை ஒட்டியே நடந்தார்.

கணவாய் உச்சியில் முன்தூக்கி திரும்பினான்.

"ஐயா, பாவம் உங்க பொண்ணு. காலைலேந்து அடக்கிக்கிட்டே வருது. புதர் ஓரமா இறக்கி வைக்கட்டா?"

பல்லக்கினுள் களுக்கென்று ஒரு சிரிப்பு. கல்யாணப் பெண் வழியில் சிரிக்கவே கூடாது.

"வேணாம், போகலாம்!" என்றாள் யொன்சில்.

இன்மோ தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.